ஹக் தப்பி ஓடினான், ஜிம் கணக்குப் போட்டான்

பிள்ளையின் பாடப் புத்தகத்தைப் பிள்ளைக்கு முன்னால் அம்மா படித்து முடிப்பது பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் சாதாரணம். பரீட்சைக்கு முந்தின நாள் உட்கார வைத்துக் கேள்வி கேட்க வேண்டுமே. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. வேலை விசாவில் வருபவரின் மனைவி மக்களுக்கான எச்-4 விசாவில் வந்தவள் நான். அப்போது வேலை பார்க்க அனுமதி இல்லை. கணவர் ஆபீசுக்கும் மகள் பள்ளிக்கும் போன பின் வீட்டில் நானும் ஹீட்டர் சத்தமும்தான். அதனால் மகளின் ஆங்கில வகுப்பில் எந்த நாவல் வைத்தாலும் கவுன்ட்டி நூலகத்தில் இன்னொரு பிரதி எடுத்து வந்து நானும் படித்தேன். அமெரிக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி இந்த வழியில் வந்தது. மீதி காஸ்ட்கோ கடையில்.

நாலைந்து நாவல் முடிந்ததும் ஒன்று உறைத்தது. இந்த ஊர் கிளாசிக்குகளில் ஒரு பையன் ஆளாக வேண்டுமென்றால் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். ஹக் ஃபின் அப்பனிடமிருந்து ஓடுகிறான். ‘தி கேட்சர் இன் த ரை’யில் ஹோல்டன் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வீட்டுக்குப் போகாமல் நியூயார்க்கைச் சுற்றுகிறான். எங்கள் பக்கத்தில் ஒரு பையன் பெரியவனாகிவிட்டான் என்று எப்போது சொல்வார்கள்? தங்கச்சி கல்யாணக் கடனில் ஒரு பங்கை அவன் ஏற்றுக்கொள்ளும்போது. “இதெல்லாம் படித்து நீயும் ஓடிவிடாதே” என்று மகளிடம் சொன்னேன். “ஹக்குக்கு ஐ-94 கிடையாதும்மா. எனக்கு இருக்கு. எங்க ஓடுறது?” என்றாள். ஐ-94 என்றால், விசாவில் வந்தவர் எந்தத் தேதி வரை இருக்கலாம் என்ற பதிவு. பதினைந்து வயதில் இந்த ஜோக் வருகிறதே என்று சிரிப்பதா, வருத்தப்படுவதா?

‘அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ஹக்கிள்பெரி ஃபின்’ எங்களுக்கு உள்ளூர்க் கதை. மார்க் ட்வைன் சிறுவனாக வளர்ந்த ஹானிபல், 61ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே இரண்டு மணி நேரம். நாவலில் அந்த ஊருக்கு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று பெயர் மாற்றியிருக்கிறார். ஹக் பன்றி ரத்தத்தைக் குடிசையில் சிந்தி, கோடரியில் தலைமயிரை ஒட்டவைத்து, தான் கொலையுண்டதாக ஊரை நம்பவைத்துவிட்டு மிசிசிப்பியில் இறங்குகிறான். அவனோடு சேருகிறவன் ஜிம், ஹக் தங்கியிருந்த வீட்டு மிஸ் வாட்சனின் அடிமை. தன்னை 800 டாலருக்கு நியூ ஆர்லியன்ஸ் பக்கம் விற்கப் பேச்சு நடப்பதைக் காதில் வாங்கிவிட்டுத் தப்பியவன். ஐந்தாம் இரவு இருவரும் தெப்பத்தில் செயின்ட் லூயிஸைக் கடக்கிறார்கள். உலகம் முழுக்க விளக்கேற்றி வைத்தது போல இருந்தது என்கிறான் ஹக். இங்கே இருபது முப்பதாயிரம் பேர் இருக்கிறார்களாமே என்று அவனுக்கு ஆச்சரியம்.

எனக்கு முதலில் விளங்காதது, சுதந்திரம் தேடிப் போகிறவன் ஏன் தெற்கே போகிறான் என்பதுதான். தெற்கே போகப் போக அடிமைத்தனம் இன்னும் கடுமையாயிற்றே. எதிர்க்கரை இல்லினாய் அடிமை முறை இல்லாத மாநிலம், ஆற்றைத் தாண்டினால் போதாதா? போதாது. அங்கேயும் தப்பி வந்தவர்களைப் பிடித்துக் கொடுத்துக் காசு வாங்குகிறவர்கள் இருந்தார்கள், ஜிம்மின் தலைக்கு 300 டாலர் வேறு அறிவித்திருந்தார்கள். ஆகவே கெய்ரோ என்ற ஊர் வரை தெப்பத்தில் போய், அங்கே மிசிசிப்பியில் கலக்கும் ஓஹயோ ஆற்றில் நீராவிப் படகு ஏறி வடகிழக்கே போய்விடலாம் என்பது திட்டம். அந்த இடத்தில் மூடுபனி. ஒரு நாள் காலை பார்த்தால் கரையோரம் ஓஹயோவின் தெளிந்த தண்ணீர் ஓடுகிறது, நடு ஆற்றில் மிசிசிப்பியின் பழைய கலங்கல். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே கெய்ரோ பின்னால் போய்விட்டது என்று இருவருக்கும் தெரிந்துவிடுகிறது. இனி ஆறு இழுக்கிற பக்கம்தான்.

வகுப்பில் முக்கியமாகப் பேசியது ஹக்கின் கடிதம் பற்றி. ஜிம் இருக்கும் இடத்தை மிஸ் வாட்சனுக்கு எழுதிவிட்டு, பிறகு நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை என்று அதைக் கிழித்துப் போடுகிறானே, அந்த இடம். அங்கேதான் பையன் மனுஷனாகிறான் என்று ஆசிரியர் சொன்னாராம். சரிதான். சுற்றியிருந்த பெரியவர்கள் எல்லாரும் பாவம் என்று கற்றுக்கொடுத்ததை, பாவம் என்று நம்பிக்கொண்டே செய்கிறான்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்திய பக்கங்கள் வேறு. தெப்பத்தில் விடியும் நேரம் ஜிம் தலையை முழங்கால்களுக்கு நடுவில் கவிழ்த்துக்கொண்டு பிள்ளைகள் பேரைச் சொல்லிப் புலம்புகிறான். நாலு வயது மகளுக்குச் செங்காய்ச்சல் வந்து குணமாகிறது. ஒரு நாள் கதவைச் சாத்து என்கிறான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தபடி நிற்கிறாள். சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு ஓர் அறை விடுகிறான். சற்று நேரம் கழித்து வந்தால் கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது, பிள்ளை அழுதுகொண்டு நிற்கிறது. மறுபடி அடிக்கப் போகும்போது காற்றில் கதவு படாரென்று அறைந்து மூடுகிறது, பிள்ளை அசையவில்லை. காய்ச்சல் காதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. இதைப் படித்துவிட்டு அன்று நான் அடுப்பங்கரைக்குப் போகவில்லை. மகளுக்கு இரவு பிட்ஸா.

ஜிம்மின் இன்னொரு பேச்சு கெய்ரோவுக்கு முன்னால் வரும். சுதந்திர மாநிலம் போனதும் ஒரு காசு கூடச் செலவழிக்காமல் சேர்ப்பானாம். சேர்த்து முதலில் மனைவியை விலைக்கு வாங்குவானாம். பிறகு இருவரும் வேலை செய்து இரண்டு பிள்ளைகளையும் வாங்குவார்களாம். ஹக்குக்குச் சுதந்திரம் என்றால் இறுக்கும் சட்டையும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியும் இல்லாத தெப்பம். ஜிம்முக்கு அது ஒரு கணக்கு. எவ்வளவு சேர்க்க வேண்டும், யாரை முதலில் மீட்பது, எங்கே குடியிருப்பது. கையில் பிள்ளை உள்ளவர்கள் ஜிம் பக்கம்தான் சாய்வார்கள் என்று நினைக்கிறேன். மகளோ ஹக் பக்கம்.

நாவலின் கடைசிப் பத்து அத்தியாயங்கள் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பின. ஒரு போக்கிரி ஜிம்மை 40 டாலருக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறான். மீட்க வந்த ஹக்கின் தோழன் டாம் சாயர் அதை விளையாட்டாக இழுத்தடிக்கிறான். மிஸ் வாட்சன் இரண்டு மாதம் முன்பே செத்துப்போய், உயிலில் ஜிம்மை விடுதலை செய்துவிட்டாள், டாமுக்கு அது முழுக்கத் தெரியும் என்று முடிவில்தான் வெளிவருகிறது. பொறுமையாகக் கைதியாய் இருந்ததற்காக டாம் ஜிம்முக்குக் கொடுப்பதும் அதே 40 டாலர். எழுத்தாளர் ஹெமிங்வே கூட, ஜிம் பறிபோகும் இடத்தோடு நிறுத்திவிடுங்கள், மிச்சம் ஏமாற்று வேலை என்று எழுதியிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவனுடைய முழு வாழ்க்கையும் அடுத்தவர் கையெழுத்தில் தொங்குகிறது என்பதும், அது அடுத்தவர் பிள்ளைக்குப் பொழுதுபோக்காக இருக்கிறது என்பதும் அந்த அசட்டு அத்தியாயங்களில்தான் வலிக்கும்படி தெரிகிறது.

இங்கே டவுன்டவுனில் ஆர்ச் என்ற பெரிய வளைவுக்கு எதிரே பழைய நீதிமன்றக் கட்டடம் இருக்கிறது. அடிமைகளாக இருந்த ட்ரெட் ஸ்காட்டும் மனைவி ஹாரியட்டும் 1846இல் தங்கள் விடுதலைக்காக வழக்குப் போட்டது அங்கேதான். 1850இல் ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மாநில உச்ச நீதிமன்றம் 1852இல் அதைத் தூக்கியெறிந்தது. 1857இல் வாஷிங்டனில் நாட்டின் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்கள். அதே ஆண்டு உரிமையாளர் பத்திரம் எழுதிக் கொடுத்தபோதுதான் அவர்களுக்கு விடுதலை. பதினோரு வருட வழக்கால் வராதது ஒரு பத்திரத்தால் வந்தது. மறு ஆண்டே ட்ரெட் ஸ்காட் இறந்துவிட்டார்.

ஹானிபலுக்கும் போனோம். டாம் சாயரின் வெள்ளை வேலி, அதன் முன் போட்டோவுக்கு வரிசை, குகை, ஐஸ்கிரீம். ஊர் முழுக்க டாம்தான் விற்பனையாகிறான். ஜிம்மின் பெயரில் இருப்பது 2013இல் திறந்த ஒரு சின்ன அருங்காட்சியகம், அந்த ஊர்க் கறுப்பினத்தவரின் கதையைச் சொல்கிறது. ஜிம்மே கதை சொல்வதாக பெர்சிவல் எவரெட் 2024இல் எழுதிய ‘ஜேம்ஸ்’ நாவலைத் திரும்பும் வழியில் வாங்கினோம். அதில் வரும் ஜிம் எழுதப் படிக்கத் தெரிந்தவன். வெள்ளைக்காரர் காதில் விழும்போது மட்டும் கொச்சையாகப் பேசுகிறான். கஸ்டமர் கேர் போனில் ஒரு உச்சரிப்பும் வீட்டில் வேறு உச்சரிப்புமாக இருக்கும் நம் ஆட்களுக்கு அந்த நாவலின் கிண்டல் கூடுதலாகவே புரியும்.

ஹோல்டனை என்னால் ரொம்ப நேரம் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அப்பன் கட்டிய ஃபீஸை நினைத்து என் வயிறு எரிந்தது. ஆனால் அவன் மேற்கே ஓடிப்போகக் கிளம்பும்போது குட்டித் தங்கை ஃபீபி தானும் வருகிறேன் என்று பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நிற்கும் இடம் ஒன்று போதும், அந்த நாவலை மன்னித்துவிடலாம்.

வகுப்பில் வைக்காத ஒரு நாவலை நூலகர் எடுத்துக் கொடுத்தார். பெட்டி ஸ்மித் 1943இல் எழுதிய ‘எ ட்ரீ க்ரோஸ் இன் ப்ரூக்ளின்’. பிரான்ஸி நோலன் குடியேறிகளின் பேத்தி. அம்மா கேட்டி அடுக்குமாடி வீடுகளின் தரையைத் துடைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். பிரான்ஸிக்குக் காபி வாசனை பிடிக்கும், கையில் கோப்பையின் சூடு பிடிக்கும், குடிக்க மாட்டாள். கடைசியில் தொட்டியில் கொட்டிவிடுவாள். தன் சகோதரிகள் கேட்டால் கேட்டி சொல்வாள்: அவள் பங்கு அது, குடிப்பதும் கொட்டுவதும் அவள் இஷ்டம், நம்மைப் போன்றவர்களும் எப்போதாவது எதையாவது வீணாக்க முடிகிறது என்பது நல்லதுதானே. ஆற்றையும் தெப்பத்தையும் விட இந்த ஒரு கோப்பைக் காபியில் எனக்கு அதிகம் சுதந்திரம் தெரிந்தது. எங்கள் வீட்டில் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க விடமாட்டேன் நான்.

அதே கேட்டி, காசு ஒரு பிள்ளைக்குத்தான் போதும் என்றதும் மகனை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பி மகளை வேலைக்கு அனுப்புகிறாள். அவன் தள்ளினால்தான் படிப்பான், இவள் எப்படியும் வழி கண்டுபிடித்துக்கொள்வாள் என்பது அவள் நியாயம். இந்த நியாயத்தை என் அத்தைமார் வாயில் கேட்டே நான் வளர்ந்தேன். பிரான்ஸி வழியைக் கண்டுபிடிக்கிறாள் என்பதும் உண்மை. காகிதப் பூ செய்யும் தொழிற்சாலை, பத்திரிகைத் துண்டு வெட்டும் ஆபீஸ் என்று போய், கடைசியில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்புகிறாள். பொருமிக்கொண்டே கிளம்புகிறாள், அதனால்தான் எனக்கு அவளைப் பிடிக்கும்.

பிரான்ஸி பதினாலு வயதில் வேலைக்குப் போனாள், என் மகளால் போக முடியாது. அவள் தோழிகள் கோடை விடுமுறையில் ஐஸ்கிரீம் கடையில் நிற்கிறார்கள், நீச்சல் குளத்தில் லைஃப்கார்டாக இருக்கிறார்கள். எச்-4 பிள்ளைக்கு ஒரு மணி நேரம் கூடச் சம்பள வேலை செய்ய அனுமதி இல்லை. மிசூரியில் 15 வயதில் கார் ஓட்டப் பழகுவதற்கான பெர்மிட் வாங்கலாம். 40 மணி நேரம் பெரியவர் பக்கத்தில் உட்கார ஓட்ட வேண்டும், அதில் 10 மணி நேரம் இரவில். 16 ஆனால் தனியாக ஓட்டலாம், இரவு 1 முதல் 5 வரை சில காரணங்கள் தவிர கூடாது. இந்த ஊர்ப் பிள்ளைகளின் தெப்பம் அதுதான். மகளுக்கும் கிடைத்தது. ஆனால் அவள் லைசென்ஸ் அட்டையில் காலாவதித் தேதி எங்கள் விசாத் தேதி. தோழியின் அட்டையையும் தன்னுடையதையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றும் சொல்லாமல் எனக்குக் காட்டினாள்.

அப்புறம் 21. அதற்குள் கிரீன் கார்டு கைக்கு வராவிட்டால், வயதுக் கணக்கில் கிடைக்கும் சில கழிவுகளும் உதவாவிட்டால், அப்பா விசாவின் நிழலில் பிள்ளை இருக்க முடியாது. மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் ஐந்து வயதில் விட்டு வந்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். இந்தியர்களுக்கான வரிசை நகரும் வேகம் எல்லாருக்கும் தெரியும். இதை ஜிம்மின் நிலைமையோடு ஒப்பிட்டால் அபத்தம். நாங்கள் விரும்பி வந்தவர்கள், எங்களை யாரும் விற்கப் போவதில்லை. மகளே ஒரு நாள் காரில் அப்படி ஒப்பிடப் பார்த்தபோது நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவள் வேறு கேள்விக்குப் போனாள்: கடைசியில் ஹக் ‘டெரிட்டரி’க்குப் போகப் போவதாகச் சொல்கிறானே, அது யாருடைய நிலம்? செரோக்கி என்ற பூர்வகுடி மக்களை 1838, 39இல் வீடுவாசலை விட்டு விரட்டி, இதே மிசூரி வழியாகப் பனியில் நடத்திக் கொண்டுபோய்த் தள்ளிய நிலம். ஹக் காற்று வாங்கப் போன இடத்துக்கு அவர்கள் துப்பாக்கி முனையில் போனார்கள். வகுப்பில் இதை எழுதப் போகிறேன் என்றாள். சிக்னல் பச்சையானதைக் கவனி என்றேன்.

இப்போது கல்லூரி விண்ணப்ப காலம். பிரான்ஸி போன மிச்சிகனும் பட்டியலில் இருக்கிறது. வெளிமாநிலக் கட்டணத்தைப் பார்த்துக் கணவருக்குத் தலை சுற்றுகிறது. அரசின் கல்வி உதவி எச்-4 பிள்ளைகளுக்குக் கிடையாது. மகள் ஸ்காலர்ஷிப்களை எக்செல்லில் போட்டு, குடியுரிமை கேட்பவற்றையெல்லாம் சிவப்பாக்கி வைத்திருக்கிறாள். மீதியைத் தினம் இரவு சாப்பிட்டதும் மூவரும் உட்கார்ந்து பார்க்கிறோம். ஞாயிறு வாட்ஸ்அப்பில் மாமியாருக்கு விஷயம் போயிற்று.

“ஏட்டி, அம்புட்டுத் தூரம் பொம்பளப் புள்ள தனியாவா போவ?”

“எட்டு மணி நேரம்தான் ஆச்சி. நானே ஓட்டிட்டுப் போயிருவேன்.”

“ஓட்டுவ சரி. லைசென்ஸ் எம்புட்டு நாளைக்கு இருக்கு?”

ஆச்சிக்கு இதை யார் சொன்னது என்று மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.