புல்லுக்கு அடியில் 3,600 துளைகள்: அமெரிக்காவின் மன்சி நகரில் பார்க்க வேண்டியது

இண்டியானாபொலிஸ் விமான நிலையத்தில் இறங்கி, வடகிழக்கே காரில் ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் மக்காச்சோளம், சோயா. தரை தோசைக்கல் மாதிரி சமதளம். மன்சியில் உள்ள பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், மண்ணின் வெப்பத்தைக் கொண்டு கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் 2009ல் துளையிட ஆரம்பித்தார்கள். 400 முதல் 500 அடி ஆழத்தில் சுமார் 3,600 துளைகள். நான்கு பழைய நிலக்கரிக் கொதிகலன்கள் செய்த வேலை இப்போது இவற்றின் தலையில்.

நேரில் போனால் தெரிவது புல்வெளிதான். படம் எடுக்க ஒன்றும் கிடையாது! இதற்கான இயந்திரங்கள் இருக்கும் எனர்ஜி ஸ்டேஷனுக்குள் போக முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. ஒரு நீரிலிருந்து சூட்டை எடுத்து இன்னொன்றுக்கு ஏற்றும் ஹீட் பம்ப் சில்லர்கள் ஒரு பக்கம் சுமார் 65 டிகிரி செல்சியஸில் சுடுநீரும், மறுபக்கம் 5, 6 டிகிரியில் குளிர்நீரும் தருகின்றன. கணக்கில் மிஞ்சும் சூடு மண்ணுக்குப் போகிறது. குறைந்தால் மண்ணிலிருந்து வருகிறது. அங்கே ஆழத்து மண் 12, 13 டிகிரி.

நம்மூர் போர்வெல்லை மனதில் வைத்துப் பார்த்தால் குழப்பம்தான். இதில் தண்ணீரை மேலே எடுப்பதே இல்லை. யூ வடிவில் இறங்கி ஏறும் ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய்க்குள் அதே நீர் சுற்றுகிறது. குழாய்க்கும் பாறைக்கும் நடுவே நிரப்பும் குழம்பான கிரவுட்தான் சூட்டைக் கடத்த வேண்டும். வெறும் பென்டோனைட் களிமண்ணின் வெப்பக் கடத்துதிறன் 0.7 வாட்/மீ.கெ. (மீட்டர் கெல்வினுக்கு வாட்) அளவுதான், சிலிக்கா மணல் கலந்தால் இரட்டிப்பாகும்.

கிரவுட்டை மேலிருந்து ஊற்றக் கூடாது. நடுவில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் விழும். ட்ரெமி எனும் நிரப்புக் குழாயை அடிவரை இறக்கி, அதன் வாய் எப்போதும் கிரவுட்டுக்குள் மூழ்கியிருக்க, கீழிருந்து நிரப்பிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். அளவையும் முன்பே போட்டு வையுங்கள்: 150 மி.மீ. துளை, 120 மீட்டர் ஆழம், 42 மி.மீ. வெளிவிட்டக் குழாய் இரண்டு என்றால் சுமார் 1,800 லிட்டர். 1,200லேயே மேலே வழிந்தால் உள்ளே எங்கோ காலி. 2,500 போயும் நிரம்பாவிட்டால் பாறையில் வெடிப்பு. மன்சிக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை, அதில் இது சகஜம்.

குழாய் இணைப்பைக் கையால் செய்து பார்க்காமல் இந்தத் தொழில் பிடிபடாது. இரு குழாய் முனைகளை உருக்கி ஒட்டும் பட் ஃப்யூஷனில் முனைகளைச் சீவி, சுமார் 220 டிகிரித் தகட்டில் உருக்கி, அழுத்தி, ஆறும்வரை அசைக்காமல் விட வேண்டும். ஈரத்துணியால் துடைத்தாலோ, தகட்டை எடுத்தபின் தாமதித்தாலோ, வெளியே விளிம்பு அழகாக உருண்டு வரும், உள்ளே ஒட்டியிருக்காது. இணைப்பின் குறுக்கே ஒரு பட்டையை அறுத்து மடக்குங்கள். சரியான இணைப்பு வளையும், மோசமானது கோட்டிலேயே விரியும். புதைத்த பிறகு இந்தச் சோதனைக்கு வழியே இல்லை.

நிலம் எவ்வளவு நன்றாகச் சூட்டைக் கடத்துகிறது என்று அளக்கும் வெப்ப மறுமொழிச் சோதனையில் அவசரம்தான் எதிரி. கிரவுட் போட்டபின் ஐந்து நாள் விட்டு, துளையின் ஆழத்தில் மீட்டருக்கு 50 முதல் 80 வாட் வீதம் 36 முதல் 48 மணி நேரம் குழாய் நீரைச் சூடேற்ற வேண்டும். நேரத்தின் இயல் மடக்கைக்கு எதிரே நீரின் சராசரி வெப்பநிலையை வரைந்தால் நேர்க்கோடு வரும். முதல் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தைத் தள்ளிவிடுங்கள். மீட்டருக்கு 60 வாட் கொடுத்து, கோட்டின் சரிவு 2.2 என்றால், நிலத்தின் கடத்துதிறன் 60 ÷ (4 × 3.14 × 2.2), அதாவது 2.17 வாட்/மீ.கெ. சூடேற்றும் ஜெனரேட்டர் மின்சாரம் ஏறி இறங்கினால் கோடும் நெளியும், விடையும் கெடும்.

ஸ்டேஷனில் கேட்டுப் பார்க்க வேண்டிய பதிவு ஒன்று உண்டு: மண்ணிலிருந்து திரும்பும் நீரின் வெப்பநிலை, பல ஆண்டுகளுக்கு. மண்ணில் போட்ட சூடு எடுத்த சூட்டைவிட அதிகமானால் அந்தக் கோடு வருடாவருடம் மேலே நகரும். மன்சியில் குளிர்காலம் வந்து சூட்டை எடுத்துக்கொள்ளும். சென்னையில் எடுக்க ஆளே கிடையாது.