41 மி.மீ.

ஜூலை 19, சனி

பெரியப்பாவின் எக்கோ வந்துவிட்டது. இடது கீழறை சுருங்கி முடிக்கும்போது அகலம் 41 மி.மீ. ஈ.எஃப். (ஒரு துடிப்பில் கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 61. மேலறை 48 மி.மீ. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வின் பின்மடலில் நடுத்துண்டு, பி2, தாங்கிப் பிடிக்கும் நாண் அறுந்து மேலறைக்குள் புரண்டு விழுகிறது. கடைசி வரியில் 'இதயத்தின் பம்ப்பிங் நார்மல்' என்று அச்சாகியிருக்கிறது. வீட்டில் எல்லோரும் அந்த ஒரு வரியைத்தான் படிக்கிறார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

2023 ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். 36 மி.மீ.

ஜூலை 21, திங்கள்

61 நல்ல எண் இல்லை என்று இன்று மூன்று பேரிடம் சொல்லியாகிவிட்டது. யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. கணக்காகவே எழுதி வைக்கிறேன்.

கீழறை நிரம்பும்போது 180 மி.லி. பிழிந்த பிறகு மிச்சம் 70. ஆக வெளியே போனது 110. 110-ஐ 180-ஆல் வகுத்தால் 61 சதவீதம். சரிதான். ஆனால் அந்த 110-இல் 62 மி.லி. திரும்பி மேலறைக்கே போய்விடுகிறது. அயோர்ட்டா என்ற பெருந்தமனி வழியாக உடம்புக்குக் கிடைப்பது 48. 180-க்கு 48 என்றால் 27 சதவீதம். எக்கோ மெஷின் எந்தக் கதவு வழியாகப் போனது என்று கேட்பதில்லை, அறை எவ்வளவு சுருங்கியது என்று மட்டும் பார்க்கிறது.

மேலறைப் பக்கம் எதிர்ப்பு கிடையாது. அயோர்ட்டாவில் 120-ஐ எதிர்த்துத் தள்ள வேண்டும், மேலறையில் 15 அல்லது 20-தான். மூட்டையை லாரியில் ஏற்றுவதற்கும் கீழே தள்ளிவிடுவதற்கும் உள்ள வித்தியாசம். தள்ளிவிடுகிற வேலையை நோஞ்சான் ஆளும் செய்வான். அதனால்தான் மைட்ரல் கசிவில் 60-க்கு இறங்கினாலே தசை கெட ஆரம்பித்துவிட்டது என்று கணக்கு. கடுமையான கசிவு, காரணம் மடலிலேயே இருக்கிறது என்றால், ஈ.எஃப். 60 அல்லது அதற்குக் கீழே, அல்லது சுருங்கிய அகலம் 40 மி.மீ. அல்லது அதற்கு மேல் – இரண்டில் ஒன்று வந்தாலும், மூச்சு வாங்காவிட்டாலும், ஆபரேஷன்.

போன வருடம் ஒரு இடத்தில் 'ஈ.எஃப். நன்றாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்று அனுப்பிவிட்டார்கள். யாரும் திரும்பப் போகவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

ஒரு மில்லிமீட்டர்.

கசிவுத் துவாரத்தை நேராக அளக்க முடியாது. ரத்தம் துவாரத்தை நோக்கி ஓடிவரும்போது, ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரில் அரைக்கோளமாகத் தெரியும், அதன் ஆரத்தை அளப்பார்கள். ஆரத்தின் வர்க்கத்தை 6.28-ஆல் பெருக்கி, கலர் மாறும் வேகத்தால் பெருக்கி, கசிவின் உச்ச வேகத்தால் வகுக்க வேண்டும். கலர் மாறும் வேகம் 38 செ.மீ., உச்சம் 500. ஆரம் 0.95 செ.மீ. என்று எடுத்திருக்கிறார்கள், துவாரம் 0.43 சதுர செ.மீ. வருகிறது. 0.40-க்கு மேல் கடுமை. அதே ஆரத்தை 0.9 என்று வைத்தால் 0.39, 1.0 என்று வைத்தால் 0.48. ஆரம் வர்க்கமாகப் போவதால் கர்சர் ஒரு மயிரிழை நகர்ந்தாலே 'மிதமான' கசிவு 'கடுமையான' கசிவாகிவிடும்.

ஆகவே ஒற்றை எண்ணை நம்பக் கூடாது. கசிவின் அளவு 60 மி.லி. தாண்டுகிறதா, மொத்தத்தில் பாதிக்கு மேல் போகிறதா (62-ஐ 110-ஆல் வகுத்தால் 56 சதவீதம்), நுரையீரல் சிரையில் ரத்தம் பின்னோக்கித் திரும்புகிறதா, அறை பெரிதாகியிருக்கிறதா, எல்லாம் ஒரே பக்கம் கை காட்ட வேண்டும். இங்கே காட்டுகின்றன. கலர் மட்டும் சின்னதாகத் தெரிந்தது, அதுவும் வழக்கம்தான். பின்மடல் புரண்டால் கசிவு முன்பக்கம் சாய்ந்து, மேலறைச் சுவரை ஒட்டி வழுக்கிப் போகும். சுவரை ஒட்டிய ஜெட் பார்வைக்கு எப்போதும் இளைத்துத்தான் தெரியும்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. "ஆடி கழியட்டும்பா, ஆவணி பொறந்ததும் வச்சுக்கலாம்" என்கிறார் பெரியம்மா. 41 பஞ்சாங்கம் பார்க்காது என்று சொல்லவில்லை. ஆகஸ்ட் 6-ஐ விட்டால் அடுத்த தியேட்டர் தேதி செப்டம்பரில்தான் என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 26, சனி

'வால்வு தேய்ந்துவிட்டது' என்கிறார்கள். வால்வு தேய்வதில்லை. வாசலும் கதவும் கயிறும் கொண்ட அமைப்பு இது. எது கெட்டது என்பதைப் பொறுத்துத்தான் ரிப்பேர்.

பாரிஸின் சர்ஜன் கார்பான்டியே வகுத்த கணக்கு இன்றும் போதும். முதல் வகை: மடல் சரியாக அசைகிறது, வாசல் விரிந்துவிட்டது, அல்லது மடலில் ஓட்டை. வாசலைச் சுற்றி வளையம் போட்டாலோ, ஓட்டையை அடைத்தாலோ முடிந்தது. இரண்டாம் வகை: மடல் எல்லை தாண்டி மேலே போகிறது – நாண் நீண்டது அல்லது அறுந்தது. பெரியப்பாவுடையது இது, ரிப்பேருக்கு இருப்பதிலேயே தோதான வகை. மூன்றாம் வகை: மடல் இழுபட்டு மூட முடியாமல் நிற்பது. அதில் இரண்டு பிரிவு. ருமாட்டிக் காய்ச்சலில் மடல் தடித்து, ஓரங்கள் ஒட்டி, நாண்கள் குட்டையாகிப் போவது ஒன்று. மாரடைப்புக்குப் பின் கீழறைச் சுவர் வீங்கி நாணைக் கீழே இழுப்பது இன்னொன்று. அதில் நோய் சுவரில், கசிவு வால்வில். வளையம் போட்டாலும் சுவர் மேலும் விரிந்தால் கசிவு திரும்பும்.

நம் ஊரில் இளவயதுக்காரர்களிடம் ருமாட்டிக்தான் இன்னமும் நிறைய. அந்த மடலைத் தொட்டால் காய்ந்த தோல் மாதிரி இருக்கும். ஒட்டியதைப் பிரித்து, தடிப்பைச் சீவி, இதய உறையில் ஒரு துண்டை வெட்டி ஒட்டுப் போட்டு ரிப்பேர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நன்றாகச் செய்தாலும், நாண் அறுந்த வால்வின் ரிப்பேர் அளவுக்கு அது நிலைப்பதில்லை. காய்ச்சல் திரும்பாமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை ஆபரேஷன் முடிந்ததும் நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் பெரிய தப்பு. வால்வை மாற்றினால் காய்ச்சல் வராமல் இருக்குமா?

ஜூலை 28, திங்கள்

டி.இ.இ., உள்ளே குழாய் விட்டு எடுக்கும் எக்கோ. ஆறு மணி நேரப் பட்டினி, தொண்டைக்கு மரப்பு ஸ்ப்ரே, உணவுக்குழாய் வழியாக ப்ரோப். மேலறை உணவுக்குழாயை ஒட்டியே இருப்பதால் விலா, நுரையீரல் தொந்தரவு இல்லாமல் வால்வு தெரியும்.

மயக்கம் ஏறியதும் பிரஷர் 94-க்கு இறங்கியது, கசிவும் கூடவே குறைந்து 'மிதம்' ஆகிவிட்டது. எதிர்ப்பு குறைந்தால் ரத்தம் முன்வழியே போகும், அவ்வளவுதான். ஃபினைலெஃப்ரின் கொடுத்து 130-க்கு ஏற்றிப் பார்த்தார்கள். திரும்ப வந்தது. பி2-வில் இரண்டு நாண் அறுந்திருக்கிறது. நுனி சின்னக் குமிழாகச் சுருண்டு துடிக்கிறது. பக்கத்துத் துண்டுகள் பி1, பி3 சுத்தம். முன்மடல் சுத்தம். சுருங்கிய அகலத்தை மறுபடி அளக்கச் சொன்னேன்.

41.

ஜூலை 30, புதன்

ரிப்பேரா, மாற்றுவதா? வீட்டில் இது ஓட்டெடுப்பாகப் போய்க்கொண்டிருக்கிறது.

உலோக வால்வு தேயாது. ஆனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமைக்கு மாத்திரை; மைட்ரல் இடத்தில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் எண்) 2.5-இலிருந்து 3.5-க்குள் நிற்க வேண்டும். இரண்டு நாள் மாத்திரை விட்டுப்போய், தட்டு திறக்காமல் மாட்டி, நள்ளிரவில் வருகிறவர்களைப் பார்க்காதவர்கள்தான் 'மாத்திரைதானே' என்பார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவாகி 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, சாய்தட்டு வகை, இன்றும் நல்ல வால்வு. மாத்திரை அதற்கும் உண்டு. மாட்டு, பன்றித் திசு வால்வுக்கு மாத்திரை சில மாதம் போதும். ஆனால் பத்து, பதினைந்து வருடத்தில் கெடும், வயது குறைவானால் இன்னும் சீக்கிரம்.

மாற்றும்போது நாண்களையும் வெட்டி எறிந்தால் கீழறைக்குள் முட்டுக் கொடுத்திருந்த கயிறே போய்விடும், அறை உருமாறும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் நாண்களை விட்டுவைத்து மாற்றச் சொல்ல வேண்டும். பி2 அறுந்ததற்கு மாற்று வால்வு என்று ஒருவர் சொன்னால் இன்னொரு சர்ஜனிடம் காட்டுவதே நல்லது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'இந்த மாதிரி வால்வு பத்து வந்தால் எத்தனையை ரிப்பேர் செய்கிறீர்கள்?'

ஆகஸ்ட் 1, வெள்ளி

மார்பைத் திறக்காமல் கிளிப் போடலாமே என்று சித்தப்பா போனில். போடலாம். தொடைச் சிரை வழியாகப் போய், இரண்டு மடலின் நடுவையும் சேர்த்துக் கவ்வும். இத்தாலிய சர்ஜன் அல்ஃபியேரி 1991-இல் தையலாகப் போட்டது இப்போது கிளிப்பாகியிருக்கிறது. ஆபரேஷன் தாங்காத உடம்புக்கு அது வரப்பிரசாதம். 58 வயது, நல்ல நுரையீரல், நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அது அரைகுறை வேலை: வாசலுக்கு வளையம் கிடையாது, கசிவு மிச்சம் இருக்கும், பிறகு ரிப்பேர் செய்யப் போனால் மடல் கிழிந்திருக்கும்.

ஆகஸ்ட் 2, சனி

பல் டாக்டர். கீழ்க்கடைவாயில் ஒன்று சொத்தை, பிடுங்கியாயிற்று. வளையம் உள்ளே போன பிறகு ஈறிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறினால் வளையத்தில் போய்க் குடியேறும். இனி பல் வேலை என்றால் அரை மணி, ஒரு மணி முன்பு அமாக்ஸிசிலின் 2 கிராம், ஆயுள் முழுக்க.

ஆஞ்சியோகிராம் சுத்தம். சர்க்கரை மாத்திரை டாபாக்லிஃப்ளோசின் இன்றிரவிலிருந்து நிறுத்தம். அது உடம்பில் இருக்கும்போது பட்டினி போட்டால் சர்க்கரை ஏறாமலே கீட்டோன் ஏறும். குறைந்தது மூன்று நாள் இடைவெளி வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பெருக்கு. புளியோதரை, அப்பளம், ஊறுகாய். உப்பு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ரத்தம் 2 யூனிட் தயார். நெஞ்சு மழித்தாயிற்று. தூக்கம் வரவில்லை, அவருக்கும்.

ஆகஸ்ட் 6, புதன்

பம்ப் (இதய-நுரையீரல் மெஷின்) இன்று என் கையில் இல்லை. பின்னால் நின்றேன்.

62 கிலோ. ரத்தம் உறையாமல் இருக்க ஹெபரின் 24,800 யூனிட். ரத்தம் உறையும் நேரம், ஏ.சி.டி., 512 வினாடி, 480 தாண்டாமல் யாரும் பம்ப்பைத் தொடக் கூடாது. ஃப்ளோ 4 லிட்டர், 32 டிகிரி. அயோர்ட்டாவில் கிளாம்ப் 9:22-க்கு. இதயத்தை நிறுத்தும் டெல் நீடோ கரைசல் ஒரு லிட்டர், இதயம் அரை நிமிடத்தில் நின்றது.

மேலறையைத் திறந்ததும் முதலில் உப்புநீர். பல்பு சிரிஞ்சில் கீழறைக்குள் பீய்ச்சினால் கெட்ட இடம் தானே எழுந்து நிற்கும். பி2 குடை மாதிரி எழுந்தது. அறுந்த பகுதியை முக்கோணமாக வெட்டி எடுத்து, 5-0 ப்ரோலீன் நூலில் ஓரம் சேர்த்தார்கள். பக்கத்தில் ஒரு நாண் மெலிந்திருந்ததால் கோர்டெக்ஸ் நூலில் ஒரு ஜோடி செயற்கை நாண், பாப்பில்லரித் தசையிலிருந்து மடல் ஓரத்துக்கு. இங்கேதான் கைப்பழக்கம்: அந்த நூல் வழுக்கும், முடிச்சு இறுக இறுக நீளம் குறையும். குட்டையானால் மடல் இழுபடும், நீண்டால் மறுபடி புரளும். நீர் நிரப்பி மடலை மூடவைத்து, அந்த நிலையில் முடிச்சுப் போட்டார்கள்.

வளையத்துக்கு 12 தையல். பி1 பக்கம் ஊசி ஆழம் போனால் சர்கம்ஃப்ளெக்ஸ் தமனி மாட்டும். பி3 மூலையில் துடிப்பைக் கடத்தும் ஏ.வி. கணு. முன்பக்கம் அயோர்ட்டா வால்வின் இதழ். வளையம் 32. அளவுகோல் 32-க்கும் 34-க்கும் நடுவே நின்றது, 32-ஐ எடுத்தார்கள். நான் 34 என்று நினைத்தேன், சொல்லவில்லை. மறுபடி உப்புநீர்: இரண்டு மடலும் சேர்ந்த கோடு பின்மடல் ஓரமாக, வாய் மூடிச் சிரித்த மாதிரி வளைந்து நின்றது. சொட்டு ஒழுக்கு இல்லை.

கிளாம்ப் 78 நிமிடம். காற்று வெளியேற்றும்போது வலது கரோனரிக்குள் குமிழ் போய் ஈ.சி.ஜி.-யில் எஸ்.டி. கோடு தூக்கியது, அந்தத் தமனியின் வாய் மேல்நோக்கி இருப்பதால் காற்று அங்கேதான் ஏறும். பிரஷரை ஏற்றி ஐந்து நிமிடம் காத்திருந்ததில் போனது.

பம்ப்பை விட்டு வந்ததும் பிரஷர் 80. அட்ரினலின் ஏற்றினார்கள், இன்னும் இறங்கியது. டி.இ.இ.-யில் பார்த்தால் முன்மடல் அயோர்ட்டா வாசலை நோக்கி இழுபட்டு வழியை அடைக்கிறது, கசிவும் புதிதாக. 'சாம்' என்பார்கள் இதை. காலியான அறை, வெறிகொண்ட சுருக்கம், சின்ன வளையம். இங்கே அட்ரினலின் எரிகிற தீயில் எண்ணெய். நிறுத்தி, 500 மி.லி. நிரப்பி, சுருக்கத்தைத் தணிக்க எஸ்மோலால், பிரஷரை ஏற்ற ஃபினைலெஃப்ரின். பதினொரு நிமிடம். மடல் தன் இடத்துக்குப் போனது. போகாவிட்டால் மறுபடி பம்ப், பின்மடல் உயரத்தைக் குறைத்துப் பெரிய வளையம். கசிவு சுவடு, வால்வின் இருபுற அழுத்த வித்தியாசம் (கிரேடியன்ட்) 3. ஹெபரினை முறிக்க புரோட்டமின் 250 மி.கி.

நான் நினைத்த 34.

ஆகஸ்ட் 6, இரவு

டிரெய்ன், நெஞ்சுக் குழாயில் மணிக்கு வடியும் ரத்தம்: 140, 90, 60. நான்காவது மணியில் 10. நின்றதா, அடைத்ததா? அடைத்திருந்தால் சி.வி.பி. (மையச் சிரை அழுத்தம்) ஏறும், பிரஷர் இறங்கும், சிறுநீர் குறையும். சி.வி.பி. 9, பிரஷர் 112, சிறுநீர் 70. நின்றதுதான். குழாயை உருவிப் பார்த்தார்கள். அடுத்த மணி 25.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை 5:40-க்கு மூச்சு டியூப் எடுத்தார்கள். மூச்சுப் பயிற்சிக் கருவியில் மூன்று பந்தில் ஒன்று ஏறுகிறது. தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இருமச் சொல்லியிருக்கிறது. ரத்தம் உறையாமைக்கு வார்ஃபரின் 3 மி.கி. இன்றிரவு முதல், மூன்று மாதம், ஐ.என்.ஆர். 2-இலிருந்து 3-க்குள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எக்கோ. ஈ.எஃப். 50. "ஆபரேஷனுக்கு முன்னாடி 61 இருந்துச்சே, கெடுத்துட்டாங்களா?" என்று பெரியம்மா அழுதார். கெடுக்கவில்லை பெரியம்மா. பின்கதவை அடைத்தாயிற்று, இனி மூட்டையை லாரியில்தான் ஏற்ற வேண்டும். தசையின் உண்மையான பலம் இப்போதுதான் தெரிகிறது. 36-இல் செய்திருந்தால் இதைவிடக் கூட இருந்திருக்கும். இதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

அதிகாலை 3:10. நாடி 142, தாறுமாறு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், மேலறை ஒழுங்கில்லாமல் படபடப்பது. இரண்டாம், மூன்றாம் நாள் எதிர்பார்த்ததுதான், மேலறை 48. பொட்டாசியம் 3.6, 4-க்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்று நேற்றே சொன்னேன். பொட்டாசியம், மக்னீசியம், அமியோடரோன் 150 மி.கி. பத்து நிமிடத்தில், பிறகு நிமிடத்துக்கு 1 மி.கி. 7:30-க்கு சைனஸ், இயல்பான துடிப்பு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அமியோடரோன் வார்ஃபரினின் வீரியத்தைத் தூக்கிவிடும். டோஸைக் குறைக்க வேண்டும் என்று சீட்டில் எழுதவைத்தேன். கீரையை நிறுத்த வேண்டாம்; வாரத்தில் எத்தனை நாளோ அத்தனை நாள், ஒரே அளவு. வலி மாத்திரை என்றால் பாராசிட்டமால் மட்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இதயத்தில் தற்காலிகமாக வைத்த பேசிங் ஒயரை எடுக்க வேண்டும். ஐ.என்.ஆர். 2.9. எடுக்கவில்லை, இந்த நிலையில் உருவினால் உள்ளே கசியும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

3.2. இன்று மாத்திரை இல்லை. நாளை காலை 6-க்கு மறுபடி ரத்தம்.