ஒவ்வொரு டேப்பும் ஒரு வேலையாம்

பிரவுசரில் திறந்து கிடக்கும் டேப்பை மூடுங்கள் என்பதைத் தப்பான யோசனை என்று சொல்லிவிட முடியாது. பிரவுசர் மெதுவாகி இழுக்கிறது என்று யார் கூப்பிட்டாலும் சப்போர்ட் ஆட்கள் வாயில் முதலில் வருவது அதுதான். பாதி நேரம் பலிக்கவும் செய்யும். ஆனாலும் எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேருக்கு நடுவே ஓடிய இந்தப் பேச்சு எனக்கு இன்னும் செரிக்கவில்லை:

"மேடம், டேப் எல்லாத்தையும் மூடிட்டு ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க."

"மூட முடியாது தம்பி. ஒவ்வொண்ணும் ஒரு வேலை."

"புக்மார்க் போட்டு வச்சுக்குங்களேன்."

"புக்மார்க் போட்டதை என்னிக்கு நான் திறந்து பார்த்திருக்கேன்?"

அவ்வளவுதான். தம்பியிடம் அதற்குமேல் பதில் இல்லை. அவர் போய்விட்டார், டேப்கள் அப்படியே இருந்தன, பிரவுசர் தொடர்ந்து இழுத்தது. இதில் யார் பக்கம் நியாயம் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு வெவ்வேறு பதில் வருகிறது.

தம்பியின் பக்கத்தை முதலில் பார்ப்போம். குரோம் 2008-ல் வந்தபோதே டேப்களைத் தனித்தனி பிராசஸாக, அதாவது கணினியில் தனித்தனியாக ஓடும் வேலையாகப் பிரித்துத்தான் வந்தது. ஒரு பக்கம் விழுந்தாலும் மற்றவை நிற்கும். அதற்கு விலையாக மெமரி கூடுதலாகப் போகும். 2018-ல் பாதுகாப்புக்காக இன்னொரு பிரிவினையும் சேர்ந்தது. ஒரு பக்கத்துக்குள் வேறு தளத்திலிருந்து வந்து உட்காரும் விளம்பரம், வீடியோ போன்றவையும் தனி பிராசஸாக ஓடத் தொடங்கின. ஆக, டேப்பை எண்ணிப் பார்த்து மெமரிக் கணக்குப் போட முடியாது. வெறும் எழுத்தாக இருக்கும் கட்டுரைப் பக்கங்கள் பத்து சேர்ந்து தின்னாததை, பெரிய ஸ்ப்ரெட்ஷீட் ஒன்று ஒரே டேப்பில் தின்றுவிடும். "எல்லாத்தையும் மூடுங்க" என்பது, எது தின்கிறது என்று பார்க்காமலே சொல்லும் வார்த்தை.

பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். விண்டோஸில் குரோமோ எட்ஜோ திறந்திருக்கும்போது ஷிப்ட் + எஸ்கேப் அழுத்தினால் பிரவுசரின் சொந்த டாஸ்க் மேனேஜர் வரும். ஃபயர்ஃபாக்ஸிலும் அதே விசைகள்தான். மெமரி என்ற தலைப்பின்மேல் ஒரு முறை சொடுக்கினால் பெரியது மேலே வரும். பிறகு சிபியு (கணக்கு வேலை செய்யும் பகுதி) தலைப்பின்மேல் சொடுக்கி அதையும் பார்க்க வேண்டும். பிரவுசர், ஜிபியு என்று பெயர் போட்ட வரிகள் எப்போதுமே கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், அவற்றில் கை வைக்கக் கூடாது. அவற்றுக்கு அடுத்து நிற்பது மெயிலா, சாட்டா, ஸ்ப்ரெட்ஷீட்டா, இல்லை என்றைக்கோ போட்டு மறந்துபோன எக்ஸ்டென்ஷனா (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்) என்பதைப் பார்க்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் என்றால் எத்தனை டேப் மூடினாலும் பயனில்லை, அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

இழுப்பிலும் இரண்டு வகை உண்டு. தட்டிய எழுத்து திரையில் தாமதமாக விழுகிறது, விசிறி இரைகிறது என்றால் பெரும்பாலும் சிபியுவை ஏதோ ஒரு பக்கம் பிடித்து வைத்திருக்கிறது. அந்த ஒன்றை மூடினால் தீர்ந்தது. எழுத்து சரியாக விழுகிறது, ஆனால் பிரவுசரிலிருந்து வேறு மென்பொருளுக்குப் போய்வரும்போது திரை உறைகிறது என்றால் மெமரி நிரம்பியிருக்கிறது. மூடுங்கள் என்ற யோசனை ஓரளவு பொருந்துவது இந்த இரண்டாவதற்குத்தான். அந்தப் பேச்சில் இந்தக் கேள்வியே எழவில்லை.

சரி, தம்பி அவசரப்பட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவரையும் முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை. வரிசையில் இன்னும் எத்தனையோ பேர் காத்திருப்பார்கள். ஒவ்வொருவர் மெஷினிலும் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய முடியுமா? தவிர, ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னது சரிதான். அதற்கு முன்னால் மூடச் சொன்னதுதான் உறுத்துகிறது. ஏனென்றால் மூடாமலே ரீஸ்டார்ட் செய்யலாம்.

குரோம் அமைப்புகளில், தொடங்கும்போது என்ற பகுதியில், விட்ட இடத்திலிருந்து தொடர் என்று ஒரு தேர்வு இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் பொது அமைப்புகளின் தொடக்கத்திலேயே, முந்தைய சன்னல்களையும் டேப்களையும் திற என்று இருக்கும். இதை ஒருமுறை தேர்ந்துவிட்டால் பிரவுசரை மூடித் திறந்தாலும் எல்லாம் திரும்பி வரும். ஃபயர்ஃபாக்ஸ் இன்னும் ஒரு படி மேலே: திரும்பி வரும் டேப்களின் பெயர் மட்டும் வரிசையில் நிற்கும், சொடுக்கும்வரை பக்கத்தை ஏற்றாது. மெமரியும் மிஞ்சும், வேலையும் போகாது.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பல சன்னல்கள் திறந்திருக்கும்போது குரோமில் ஒவ்வொன்றாகப் பெருக்கல் குறியை அழுத்தி மூடினால், கடைசியாக மூடியது மட்டும்தான் அடுத்த முறை தானாக வரும். மூன்று புள்ளி மெனுவுக்குள் போய் வெளியேறு என்பதைச் சொடுக்கினால் எல்லாமே வரும். தப்பித்தவறி மூடியதை கன்ட்ரோல் + ஷிப்ட் + டி அழுத்தி ஒவ்வொன்றாக மீட்கலாம், முழுச் சன்னலும் அப்படியே திரும்பும். இன்காக்னிட்டோ (வரலாறு சேமிக்காத) சன்னலில் இருந்தது மட்டும் போனது போனதுதான். பாதி நிரப்பிய படிவத்தில் தட்டிய எழுத்து சில தளங்களில் திரும்பும், பலவற்றில் திரும்பாது. நீளமாக எழுதியிருந்தால் முதலில் அதை நகலெடுத்து ஒரு நோட்பேடில் ஒட்டிவிட்டுத்தான் மூட வேண்டும். பிரவுசரை மூடும்போது குக்கீகளை (நாம் உள்நுழைந்ததைத் தளம் நினைவில் வைக்க உதவும் சின்னக் குறிப்புகள்) அழிக்கும்படி வைத்திருந்தால் எல்லாத் தளத்திலும் மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும்.

இப்போது மேடம் பக்கம். "ஒவ்வொண்ணும் ஒரு வேலை" என்பதை அடம் என்று எடுத்துக்கொள்வது சுலபம். ஆனால் டேப்புக்குள் இருப்பதையும் புக்மார்க்குக்குள் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புக்மார்க் வெறும் முகவரி. டேப் அப்படியல்ல. எந்த இடம்வரை படித்தோம், எந்த வடிகட்டியைப் போட்டோம், எந்தப் பக்கம் வழியாக இங்கே வந்தோம் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். பின்செல்லும் அம்புக்குறியின்மேல் வலது சொடுக்குப் போட்டால் வந்த வழி பட்டியலாக விழும். புக்மார்க் போட்டுவிட்டு டேப்பை மூடும் நொடியில் அது போய்விடுகிறது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஓர் அறிக்கைப் பக்கத்தில் தேதியும் பிரிவும் தேர்ந்தெடுத்து வடிகட்டிவிட்டு முகவரிப் பட்டையைப் பாருங்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் நீங்கள் தேர்ந்தவை வால்போல் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்தைத் தைரியமாக புக்மார்க் செய்யலாம், அதே நிலையில் திறக்கும். முகவரி துளியும் மாறவில்லை என்றால் புக்மார்க் உங்களை வெறும் முதல் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அலுவலக மென்பொருள்கள் நிறைய இந்த இரண்டாம் ரகம். அவர் புக்மார்க்கைத் திறந்து பார்க்காமல் போனதற்கு இது காரணமாக இருந்திருக்கலாம். சோம்பலாகவும் இருந்திருக்கலாம், யார் கண்டது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: டேப்பைத் தூங்க வைப்பது. குரோமில் 2022 கடைசியில் மெமரி சேவர் வந்தது. செயல்திறன் என்ற அமைப்புப் பகுதியில் அது இருக்கும். கொஞ்ச நேரம் தொடாத டேப்பை மெமரியிலிருந்து இறக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்திருக்கும். சொடுக்கினால் மறுபடி ஏற்றும். பாட்டோ வீடியோவோ ஓடும் டேப், திரைப் பகிர்வில் இருப்பது, பதிவிறக்கம் நடப்பது, பாதி நிரப்பிய படிவம், பின் செய்து (ஓரத்தில் குத்தி) வைத்த டேப் ஆகியவற்றைத் தொடாது. வடிகட்டியை முகவரியில் எழுதாத அந்த இரண்டாம் ரக மென்பொருள்தான் இங்கும் வம்பு. தூங்கி எழுந்தால் முதல் பக்கத்துக்கோ உள்நுழைவுப் பக்கத்துக்கோ போய் நிற்கும். அதே பகுதியில் எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு, அந்த முகவரியை அதில் சேர்த்துவிட வேண்டும். எட்ஜில் இதுபோன்ற ஒன்றைத் தூங்கும் டேப்கள் என்ற பெயரில் வைத்திருக்கிறார்கள்.

தூங்க வைத்தாலும் தேடிப்பிடிக்க வேண்டுமே. குரோமில் கன்ட்ரோல் + ஷிப்ட் + ஏ அழுத்திப் பெயரில் இரண்டு எழுத்துத் தட்டினால் டேப் கிடைக்கும். ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் % குறி, ஓர் இடைவெளி, பிறகு பெயர். தினமும் வேண்டிய இரண்டு மூன்றை பின் செய்துவிட்டால் இடது ஓரத்திலேயே நிற்கும். கன்ட்ரோல் + 1, கன்ட்ரோல் + 2 என்று கண் பார்க்காமலே போகலாம். எட்டுவரை இடமிருந்து எண். 9 மட்டும் எப்போதும் கடைசி டேப்.

இவ்வளவும் எழுதிய பிறகு இன்னொரு சந்தேகம் வருகிறது. தூங்க வைப்பதும் மீட்பதும் தேடுவதும் இத்தனை சுலபமானால், எதற்காக யாரும் ஒரு டேப்பை மூடப் போகிறார்கள்? இழுப்பு என்ற ஒன்றுதான் "இது இன்னும் வேண்டுமா" என்று கேட்க வைத்தது. அதையும் எடுத்துவிட்டால் குவியல் வளர்ந்துகொண்டே போகும். அப்படிப் பார்த்தால் தம்பி முரட்டுத்தனமாகச் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னாரோ? பிரவுசர் விழுந்து எல்லாமே போய்விட்டால், அவற்றில் முக்கால்வாசியை யாரும் தேடக்கூட மாட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. மீதிக் கால்வாசி மாதக் கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

புக்மார்க் பற்றிய அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லியிருக்க முடியும் என்று இப்போதும் நினைக்கிறேன். கோப்புறைக்குள் போய்த் தேடினால் யாரும் திறக்க மாட்டார்கள்தான். கன்ட்ரோல் + டி அழுத்தும்போது வரும் பெட்டியில், தளம் வைத்த நீளமான பெயரை அழித்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலையைப் பெயராகப் போடலாம்: "பில் சரிபார்க்க", "விடுப்பு அனுமதி" என்பதுபோல. பிறகு முகவரிப் பட்டையில் பில் என்று தட்டினாலே அது வந்து நிற்கும். ஃபயர்ஃபாக்ஸில் முன்னால் ஒரு நட்சத்திரக் குறியும் இடைவெளியும் போட்டால் புக்மார்க்குகளை மட்டுமே தேடும். ஆனால் பில் என்று தட்ட வேண்டும் என்பது முதலில் நினைவுக்கு வர வேண்டும். கண் முன்னால் நிற்கும் டேப்புக்கு அந்தத் தேவை இல்லை. மேடம் அதைத்தான் சொல்லியிருப்பார்.