செஸ் எஞ்சின் தேடல் முறைகள்: மதிப்பா, வரம்பா என்று பார்த்துப் படியுங்கள்

செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஆல்ஃபா-பீட்டா கணக்கை, அதாவது முடிவை மாற்றாத கிளைகளைத் தேடாமல் விட்டுவிடும் முறையை, யாரும் தவிர்க்க முடியாது. புராஜெக்டுக்குச் செஸ் எஞ்சின் எடுப்பவர்களுக்கும் அதுதான் அஸ்திவாரம். விடைத்தாளிலும் சரி, எழுதும் நிரலிலும் சரி, தவறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நடக்கிறது. தேடல் மரத்தில் ஒரு கணு (ஒரு ஆட்ட நிலை) திருப்பித் தரும் எண் அந்த நிலையின் உண்மையான மதிப்பா, அல்லது "இதற்கு மேல் போகாது", "இதற்குக் கீழ் இறங்காது" என்கிற வரம்பு மட்டும்தானா என்று கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

ஒரு சின்ன மரத்தைக் கையால் போட்டுப் பாருங்கள். மேலே மேக்ஸ் (பெரிய மதிப்பை எடுக்கும் நம் முறை), அதன்கீழ் மூன்று மின் கணுக்கள் (சிறிய மதிப்பை எடுக்கும் எதிராளியின் முறை), ஒவ்வொன்றுக்கும் மூன்று இலைகள் (மதிப்பிடும் கடைசி நிலைகள்). முதல் கணுவில் 5, 7, 6. மின் 5-ஐ எடுக்கும், ஆல்ஃபா, அதாவது மேக்ஸுக்கு இதுவரை உறுதியான மதிப்பு, 5 ஆகிவிடும். இரண்டாவது கணுவில் முதல் இலையே 3. இனி அந்தக் கணு 3-ஐத் தாண்டாது. மேக்ஸ் கையிலோ ஏற்கெனவே 5 இருக்கிறது. மீதி இரண்டு இலைகளைத் தொட வேண்டாம். மூன்றாவதில் 9, அடுத்து 4, அங்கேயும் கட்-ஆஃப், அதாவது மீதியைப் பார்க்காமல் நிறுத்தம். ஆக 9 இலைகளில் 6 மட்டும் பார்த்திருக்கிறோம், விடை 5. விடைத்தாளில் இரண்டாம் கணுவின் பக்கத்தில் "3" என்று எழுதாதீர்கள், "≤ 3" என்று எழுதுங்கள். பார்க்காத இலை ஒன்றில் 1 இருந்திருக்கலாம்.

இப்போது அதே இரண்டாம் கணுவின் இலைகள் 8, 6, 3 என்ற வரிசையில் வந்தால்? ஒரு இலைகூட மிச்சமாகாது. ஆல்ஃபா-பீட்டாவின் பலன் முழுக்க நகர்த்தல் வரிசையில் இருக்கிறது. ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல்கள் என்று வைத்து 6 அடுக்கு (ஒருவரின் ஒரு நகர்த்தல் ஓர் அடுக்கு) ஆழம் போனால், ஒரு கிளையையும் விடாமல் தேடும் மினிமேக்ஸ் பார்க்கும் இலைகள் ஆறு 35-களைப் பெருக்கினால் வருவது, அதாவது சுமார் 184 கோடி. வரிசை முழுக்கச் சரியாக அமைந்தால் ஆல்ஃபா-பீட்டாவுக்கு 85,749 போதும். கணினி அறிவியலாளர்கள் க்னூத், மூர் இருவரும் 1975-இல் இதற்கான கணக்கைத் தெளிவாகக் காட்டினார்கள்.

நிரல் எழுதும்போது தேடலை உடனே தொடாதீர்கள். முதலில் பெர்ஃப்ட், அதாவது குறித்த ஆழம் வரை வரக்கூடிய நகர்த்தல் வரிசைகளை எண்ணும் சோதனை. ஆட்டத்தின் தொடக்க நிலையிலிருந்து 1 முதல் 5 அடுக்கு வரை 20, 400, 8,902, 1,97,281, 48,65,609 என்ற எண்கள் அப்படியே வர வேண்டும். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ, நகர்த்தல் உருவாக்கத்தில் பிழை. தொடக்க நிலை மட்டும் போதாது, கோட்டை கட்டுதல் (காஸ்லிங்) இத்தனை குறைந்த ஆழத்தில் வராது. அதற்குக் கிவிபீட் என்ற சோதனை நிலை இருக்கிறது, 1 முதல் 3 அடுக்கு வரை: 48, 2,039, 97,862. அடுத்து மினிமேக்ஸை எழுதி, ஆல்ஃபா-பீட்டாவை அதனுடன் ஒப்பிடுங்கள். ஒரே ஆழத்தில் இரண்டும் ஒரே மதிப்பைத் தர வேண்டும், கணு எண்ணிக்கை மட்டும் குறைய வேண்டும். நெகாமேக்ஸ் வடிவில் (மேக்ஸ், மின் இரண்டுக்கும் ஒரே நிரல்) எழுதினால், கீழே அனுப்பும்போது ஆல்ஃபாவும் பீட்டாவும் (எதிராளிக்கு இதுவரை உறுதியான மதிப்பு) இடம் மாறும், குறியும் மாறும். இரண்டில் ஒன்றை மறந்தாலும் எஞ்சின் ஓடும், ஆனால் அபத்தமாக ஆடும்.

ஆழம் முடிந்த இடத்தில் அப்படியே மதிப்பிட்டால் என்ன ஆகும்? ராணி ஒரு சிப்பாயை வெட்டுவதோடு தேடல் நின்றுவிட்டால், அந்தச் சிப்பாய்க்குக் காவல் இருப்பது தெரியாது. ஒரு சிப்பாய் லாபம் என்று எஞ்சின் ராணியைக் கொடுத்துவிடும். அதனால் வெட்டுகள் ஓயும்வரை தொடரும் க்வயசன்ஸ் தேடல் கட்டாயம். அங்கே "வெட்டாமல் இப்படியே நிற்கிறேன்" என்ற மதிப்பைத் தரையாக வைக்கிறோம். செக்கில் இருக்கும்போது மட்டும் அப்படி வைக்கக் கூடாது, அந்த நிலையில் சும்மா நிற்க வழியில்லை.

நகர்த்தல் வரிசைக்கு நன்றாக வேலை செய்யும் முறை இது: ஹாஷ் டேபிள் (ஏற்கெனவே தேடிய நிலைகளின் முடிவைச் சேமிக்கும் அட்டவணை) தரும் நகர்த்தல் முதலில், பிறகு வெட்டுகள், விலை உயர்ந்த காயைச் சிறிய காய் வெட்டுவது முன்னால், பிறகு இரண்டு கில்லர் நகர்த்தல்கள் (அதே அடுக்கில் வேறு கிளையில் கட்-ஆஃப் தந்தவை), மீதி ஹிஸ்டரி எண்ணிக்கைப்படி (தேடல் முழுக்க எவ்வளவு கட்-ஆஃப் தந்தன என்பதன்படி). கட்-ஆஃப் விழுந்த கணுக்களில் எத்தனை சதவீதத்தில் முதல் நகர்த்தலிலேயே விழுந்தது என்று எண்ணி அச்சிடுங்கள். 90-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 60, 70 என்றால் வேறு எதையும் சேர்க்காமல் இதைச் சரிசெய்யுங்கள். ஒரு மாதம் செலவழித்தாலும் தகும்.

ஹாஷ் டேபிளில் வரம்புப் பிரச்சினை மறுபடி தலைதூக்கும். ஒவ்வொரு பதிவோடும் துல்லியம், மேல்வரம்பு, கீழ்வரம்பு என்ற குறி கட்டாயம். வரம்பைத் துல்லியம் என்று படித்தால் தவறான நகர்த்தல் எப்போதாவதுதான் வரும்; அதனாலேயே பிழையைப் பிடிப்பது பெரும்பாடு. செக்மேட் மதிப்பு இன்னொரு கண்ணி. வேரிலிருந்து எத்தனை அடுக்கில் மேட் என்று வைத்திருக்கும் எண்ணை அப்படியே சேமித்தால், வேறு ஆழத்தில் எடுக்கும்போது பொய்யாகிவிடும். வெல்லும் பக்கத்துக்குச் சேமிக்கும்போது தற்போதைய அடுக்கைக் கூட்டுங்கள், எடுக்கும்போது கழியுங்கள். தோற்கும் பக்கத்துக்கு நேர்மாறு. இதை விட்டால், ராஜாவும் ராணியும் கையில் இருந்தும் எஞ்சின் மேட் போடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நல் மூவ் (null move, நகர்த்தாமல் விடுவது) கத்தரிப்பு வேகத்தை அள்ளித் தரும். நம் முறையை விட்டுக்கொடுத்தும் பீட்டாவை எட்டினால் அந்தக் கிளையை விட்டுவிடலாம் என்பதே அதன் அடிப்படை. அது பொய்க்கும் இடத்தைப் பலகையில் வைத்துப் பாருங்கள்: வெள்ளை ராஜா எஃப்5, சிப்பாய் இ4, கறுப்பு ராஜா டி4, சிப்பாய் இ5. யார் நகர வேண்டுமோ அவருக்குத் தோல்வி. இங்கே முறையை விட்டுக்கொடுத்துப் பார்க்கும் எஞ்சின், தோற்கும் நிலையை வெற்றி என்று சொல்லும். ஆகவே செக்கில் இருக்கும்போதும், ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சியபோதும், அடுத்தடுத்து இரண்டு முறையும் இதைச் செய்யாதீர்கள்.

மான்டே கார்லோ மரத் தேடல் (கிளைகளில் திரும்பத் திரும்ப இறங்கிப் பார்த்து மதிப்பிடும் முறை) வேறு குலம். அங்கே வரம்பு கிடையாது, சராசரிதான். 2017-இல் இம்முறையில் தேடிய ஆல்ஃபாஜீரோ எஞ்சின் நொடிக்கு சுமார் 80,000 நிலைகளைப் பார்த்து, சுமார் 7 கோடி நிலைகளைப் பார்த்த ஆல்ஃபா-பீட்டா எஞ்சின் ஸ்டாக்ஃபிஷை வென்றது. பாடநூல் சொல்லும் தற்செயல் ஆட்டங்கள் அதில் கிடையாது. நரம்பு வலைப்பின்னலே மதிப்பையும் நகர்த்தல் நிகழ்தகவையும் தந்தது. ஒப்பீட்டுக் கேள்வி வந்தால் இதை எழுதுங்கள்: எதிராளிக்கு 30 பதில்களில் ஒன்றே ஒன்று நம்மைக் கவிழ்க்கும் என்றால், ஆல்ஃபா-பீட்டா அந்த ஆழத்தை எட்டியதும் முடிவை மாற்றிவிடும், சராசரியோ அந்தப் பதிலுக்கு வருகைகள் (தேடல் அங்கே இறங்கிய தடவைகள்) குவிந்த பிறகே அசையும். இறுதி நகர்த்தலை உயர்ந்த சராசரியைப் பார்த்துத் தேர்வது பலர் செய்யும் தவறு. அதிக வருகை பெற்றதை எடுங்கள்.

ஒரு மாற்றம் பலன் தந்ததா என்று பார்க்க 100 ஆட்டம் போதாது. 100-க்கு 55 புள்ளி என்பது தற்செயலாகவே வரக்கூடியது. ஆயிரக்கணக்கில், குறைந்த நேர ஆட்டங்களாக, ஒவ்வொரு தொடக்க நிலையையும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆடவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.