நாலரை மணிக்கு வீட்டில்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் எல்லா மெஷினும் ஒன்றாக நிற்பது தீபாவளிக்குத்தான். பொங்கலுக்கு மூன்று நான்கு நாள் விடுவார்கள். தீபாவளிக்கு ஒரு வாரம், சில இடங்களில் பத்து நாள்கூட உண்டு. தேனி, திண்டுக்கல், மதுரை, புதுக்கோட்டைக்காரர்கள் எல்லாம் கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் மூட்டையும் முடிச்சுமாக நிற்பார்கள். பீகார், ஜார்கண்ட் பையன்கள் ஸ்டேஷனில் தன்பாத் எக்ஸ்பிரஸுக்குக் காத்துக் கிடப்பார்கள். வருஷம் முழுக்க நகர முடியாத பி.என். ரோட்டில் அப்போது சைக்கிளில் நிம்மதியாகப் போகலாம்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து நாங்களும் அந்தக் கோவில்வழிக் கூட்டத்தில்தான் இருந்தோம். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், வத்தலக்குண்டு, தேனி, அப்புறம் ஆண்டிபட்டி. ஒட்டன்சத்திரம் வரை நின்றுகொண்டு, அதற்கு மேல் ஒரு சீட்டில் நாலு பேர். ஊரில் போய் இறங்கினால் மாமா வீடு, சித்தி வீடு, புதுசாகக் கல்யாணமான வீடு என்று ஏறி இறங்கியே லீவு தீர்ந்துவிடும். திரும்பி வந்து மெஷின் சத்தத்தைக் கேட்டால், ‘அப்பாடா, உட்கார இடம் கிடைத்தது’ என்றிருக்கும். இப்படிச் சொன்னால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் அதுதான் நிஜம்.

2024-இல் என் வீட்டுக்காரருக்கு முட்டி வலி. அவர் வேறொரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். காலையிலிருந்து இரவு வரை ஸ்டீம் டேபிள் முன்னால் நின்றபடியே வேலை. பஸ்ஸில் நின்று போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, இந்த முறை அத்தையை இங்கே வரச்சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தோம். அத்தை ஒரு பை நிறைய முருங்கைக்காயோடு முதல் நாளே வந்து இறங்கினார். லைன் வீட்டில் ஒரு அறை, ஒரு சமையல் திட்டு. அதில் ஐந்து பேர். இடம் பற்றாது என்றுதான் பயந்தேன்.

அந்த வருஷம் தீபாவளி வியாழக்கிழமை, அக்டோபர் 31. வெள்ளிக்கிழமையும் அரசு விடுமுறை விட்டதால், சனி ஞாயிறு சேர்த்துப் பிள்ளைகளுக்கு நான்கு நாள். எங்கள் இரண்டு கம்பெனியும் அடுத்த வாரம்தான் திறப்பார்கள். சூரசம்ஹாரமும் வடக்கத்தியப் பையன்களின் சட் பூஜையும் நவம்பர் 7 அன்று ஒரே நாளில் வந்தன. அது முடியாமல் ஆள் வராது, ஆள் வராமல் லைன் ஓடாது. அதனால் திங்கட்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், நாங்கள் வீட்டில் இருந்தோம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு நாள் அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

என் வேலை நேரத்தைச் சொன்னால்தான் இது புரியும். திருப்பூரில் வேலையை நாளாக எண்ணுவதில்லை, ஷிஃப்டாக எண்ணுவார்கள். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை ஒரு ஷிஃப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. சம்பளம் சனிக்கிழமை. நாங்கள் இரண்டு பேருமே பெரும்பாலும் ஒன்றரை ஷிஃப்ட்காரர்கள்தான். நான் முதலில் டெய்லருக்கு உதவி செய்கிற கைமடியாகச் சேர்ந்து, இப்போது செக்கிங்கில் இருக்கிறேன். டியூப் லைட்டுக்குக் கீழே டேபிளில் பீஸை விரித்து, ஓட்டை, ஆயில் கறை, ஊசி லைன், தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளவேண்டும். இரவு வீடு வந்து சேர ஒன்பது ஆகும். பையன் தூங்கியிருப்பான், பொண்ணு தூக்கக் கலக்கத்தில் தட்டை எடுத்து வைப்பாள். பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்கு வருகிற பிள்ளைகள் ஒன்பது மணி வரை என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், ‘பக்கத்தில் எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்கார ஆத்தா இருக்கிறார், பார்த்துக்கொள்வார்’ என்பேன்.

அந்தத் திங்கட்கிழமை நாலரைக்குக் கதவைத் திறந்தவள் நான். பையன் என்னைப் பார்த்ததும், “உடம்பு சரியில்லையாம்மா?” என்றுதான் முதலில் கேட்டான். பொண்ணு ஒன்றும் பேசவில்லை, அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள். தம்பியின் சட்டைப் பொத்தானைக் கழற்றி, ஷூவைத் திண்ணையின் ஓரத்தில் தலைகீழாகச் சாய்த்து வைத்தாள். எறும்பு போகாமல் இருக்கவாம். டிபன் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். பாலைச் சுடவைத்து, பொங்கி வருமுன் கரண்டியை உள்ளே விட்டுச் சாய்த்து வைத்தாள். எல்லாவற்றையும் அடுப்புத் திட்டில் என் கை போகிற அதே வரிசையில் செய்தாள். ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. அத்தை என்னைப் பார்த்தார், நான் அத்தையைப் பார்த்தேன்.

அப்புறம் பையனின் டைரியைப் புரட்டினேன். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் பக்கத்துக்குப் பக்கம் எழுத்துக்கூட்டிப் போட்ட ஒரு கையெழுத்து. வீட்டுக்கார ஆத்தாவுடையது. “மிஸ் ஒண்ணும் கேக்கலையா?” என்றேன். “எங்க ஆத்தான்னு சொல்லிட்டேன்” என்றான். தினமும் ஆறு மணிக்கு டைரியை எடுத்துக்கொண்டு போவானாம். ஆத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வீட்டுப்பாடத்தை ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் பேனாவைத் தொடுவாராம். வாடகையைத் தவிர அவருக்கு நாங்கள் ஒரு ரூபாய் அதிகம் கொடுத்ததில்லை. அவரும் கேட்டதில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் கம்பெனியில் வரிசையில் நின்று போனஸ் வாங்கியிருந்தோம். கவர், ஒரு ஸ்வீட் பாக்ஸ், ஒரு எவர்சில்வர் தூக்கு. முதலாளியைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்து, “ரொம்ப நன்றிங்க” என்று வருஷா வருஷம் சொல்வேன், அன்றைக்கும் சொன்னேன். மரியாதைக்குச் சொல்வதில் தப்பில்லை, அவரும் நல்ல மனுஷர்தான். ஆனால் போனஸ் என்பது அப்போது நடப்பில் இருந்த 1965-ஆம் வருஷத்துச் சட்டப்படி வரவேண்டியது. வருஷச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். 8.33 என்றால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். பன்னிரண்டு மாதம் பீஸ் பார்த்த கண்ணுக்கு வரவேண்டிய பாக்கி அது. அதற்குக் கை கூப்புகிற நான், டைரியில் கையெழுத்துப் போடுகிறவருக்கு ஒரு நாள்கூட வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை என்பது அந்த வாரம்தான் உறைத்தது. நன்றியை யாரிடம் சொல்லிப் பழகியிருக்கிறோம் பாருங்கள்.

போனஸ் பணம் வேறு வழியில் போனது. சீட்டுக்குக் கட்டியதும், காதர்பேட்டையில் பிள்ளைகளுக்குத் துணி எடுத்ததும் போக, மிச்சத்தில் வீட்டுக்காரர் இரண்டாவது ஃபேன் வாங்கிவிட்டார். ஐந்து பேர் தூங்க ஒரு ஃபேன் போதாது என்பது அத்தையின் புகார்.

வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லவேண்டும். லீவில் மனுஷர் ஒன்பது மணி வரை தூங்கினார், நாங்கள் யாரும் எழுப்பவில்லை. ஆனால் பகலில் சும்மா இருக்கத் தெரியவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு வீட்டில் இருந்த துணியை எல்லாம் அயர்ன் செய்தார். யூனிஃபார்ம், தலையணை உறை, அத்தையின் கண்டாங்கி, கடைசியில் அடுப்படித் துணி வரைக்கும். பையன் என் பையிலிருந்து அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்து அவர் முதுகில் ஒட்டிவிட்டு, “அம்மா, இந்த பீஸ் ரிஜெக்ட்” என்றான். அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்து லைன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் சட்டையைக் கழற்றித் தையலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஸ்டிச்சிங்கில் ஒரு குறையும் இல்லை, செக்கிங் மேடம்தான் கவனமா இல்லை” என்றார். நாங்கள் இரண்டு பேரும் வேலையைப் பற்றிச் சிரித்துப் பேசி எத்தனையோ காலமாகியிருந்தது. இரவு ஒன்பது மணிக்கு மேல் பேச்சு வாடகை, சீட்டு, கேஸ் இதைத் தாண்டிப் போகாது.

புதன்கிழமை ஆத்தாவுக்கு முருங்கைக்காய் போட்ட கறிக்குழம்பு கொண்டுபோனேன். சொல்லவேண்டும் என்று மனசில் கூட்டி வைத்ததெல்லாம் அங்கே போனதும் மறந்துபோனது. “பிள்ளைகளை இத்தனை நாள் பார்த்துக்கிட்டதுக்கு...” என்று ஆரம்பித்தேன். “அட போ அம்மிணி, எனக்கும் பேச்சுக்கு ஆள் வேண்டாமா? எம்பட பையன் சென்னையில கெடக்கறான்” என்று சொல்லிவிட்டு, குழம்பை வாங்கி வைத்துக்கொண்டு கச்சாயம் ஒரு டப்பா நிறையக் கொடுத்தார். கொடுத்ததைவிட வாங்கி வந்ததுதான் அதிகம்.

கம்பெனி திறந்ததும் சூப்பர்வைசர் அக்காவிடம் கேட்டேன். வாரத்தில் புதனும் வெள்ளியும் ஒரு ஷிஃப்டோடு கிளம்பிக்கொள்கிறேன், ஷிப்மென்ட் அவசரம் என்றால் மட்டும் இருக்கிறேன் என்று. எனக்கு ஷிஃப்டுக்கு 420 ரூபாய். இரண்டு அரை ஷிஃப்ட் போனால் வாரத்துக்கு 420 போகும், மாதம் 1,700 ரூபாய்க்குக் கிட்ட. சின்னத் தொகை இல்லை. வீட்டுக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, டீக்கடையையும் சீட்டில் ஒன்றையும் குறைத்துக்கொள்ளலாம் என்றார். அக்கா முதலில் முகத்தைச் சுளித்தார். உனக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். கேட்கட்டுமே என்று நினைத்தேன், சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துச் சரி என்று தலையாட்டினார்.

ஐந்தரைக்கு விட்டால் ஆறுக்குள் வீடு. நாலரை இல்லைதான், ஆனால் டைரி நேரத்துக்கு வந்துவிடலாம். இதைச் சொன்னதும் ஆத்தாவுக்குக் கொஞ்சம் வருத்தம். “கையெழுத்து நீயே போட்டுக்க, ஆனா பையனை மட்டும் அனுப்பி வை. ஏழு மணி நாடகத்துல நேத்து என்ன ஆச்சுன்னு அவனுக்குத்தான் ஞாபகம் இருக்கும்” என்றார். இப்போது புதன்கிழமை ஏழு மணிக்கு நானும் பிள்ளைகளும் மூன்று பேருமே அங்கேதான் இருக்கிறோம். கதை எனக்கு ஒன்றும் புரிவதில்லை, பையன் நடுநடுவே விளக்கம் சொல்கிறான்.