மூன்று மிதிகளா, இரண்டா?

டொயோட்டா ஜிஆர் யாரிஸ் வாங்குவதென்று முடிவெடுத்த பிறகும், கையால் கியர் மாற்றும் மேனுவலா, தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோவா என்ற கேள்வி இரண்டு மாதங்களாக என்னை விடவில்லை. 2020இல் ஆறு கியர் மேனுவலாக மட்டுமே வந்த அந்த 1.6 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ கார், 2024 முதல் எட்டு கியர் ஆட்டோவிலும் வருகிறது. ஹோண்டா சிவிக் டைப் ஆர் என்றால் மேனுவல் மட்டுமே; இந்தக் குழப்பமே எழுந்திருக்காது.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் தினமும் ஊர்ந்து செல்பவனுக்கு, மேனுவலில் மட்டும் இருக்கும் மூன்றாவது மிதியான கிளட்ச் முழங்கால் வலியைத் தரும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால், விடியற்காலையில் உலு யாம் மலைச்சாலையின் வளைவுக்கு முன், பிரேக்கை அழுத்தியபடியே வலது பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலேட்டரைத் தட்டி, இயந்திரத்தின் சுழற்சியைச் சக்கரங்களின் வேகத்தோடு இணைத்து, மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கும் அந்த நொடியை எந்த ஆட்டோ காரும் எனக்குத் தந்ததில்லை.

என் மனைவியிடம் இருப்பது ஆட்டோ கார்களுக்கு மட்டுமான டிஏ உரிமம். மேனுவல் காரை அவர் ஓட்ட முடியாது. அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான். “எனக்கு மைவி கார் இருக்கிறதே, உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள்” என்று அவரே சொன்னார். நேற்று மேனுவலுக்கு முன்பணம் கட்டிவிட்டேன்.