காதில் விழுவதும் காது கொடுப்பதும்

ஆன்லைன் மீட்டிங்கில் ‘கேன் யூ ஹியர் மீ?’ என்று கேட்டால், உன் காதில் என் குரல் விழுகிறதா என்று பொருள். அதையே ‘ஆர் யூ லிசனிங் டு மீ?’ என்று கேட்டுப் பாருங்கள், எதிரில் இருப்பவர் முகம் சுருங்கிவிடும். கவனம் எங்கே இருக்கிறது என்று அதட்டுவது போல இருக்கும்!

நமக்கு இரண்டுக்குமே ‘கேட்பது’தான். ஆனால் காதில் விழுவது ‘ஹியர்’, காது கொடுப்பது ‘லிசன்’ என்று பிரித்துக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். விழுவது நம் கையில் இல்லை. அதனால்தான் ‘ஐ ஆம் ஹியரிங் யூ’ என்றால் பொதுவாக உறுத்தும், ‘ஐ கேன் ஹியர் யூ’தான் இயல்பு. (நான் பல வருஷம் ‘ஹியரிங்’ போட்டே பேசியவன். யாரும் திருத்தவில்லை, நல்லவர்கள்.)

அப்புறம் அந்த ‘டு’. ‘லிசன் மியூசிக்’ இல்லை, ‘லிசன் டு மியூசிக்’. ‘ஹியர்’ பின்னால் ஒலியைச் சொல்ல ‘டு’ வராது. ‘ஹியர் அபவுட்’ என்றால் கேள்விப்படுவது. ‘ஹியர் ஃப்ரம்’ என்றால் ஒருவரிடமிருந்து தகவல் வருவது, கடிதமாகவோ மெசேஜாகவோ இருந்தாலும் சரி. அங்கே காதுக்கு வேலையே இல்லை.